மயக்கத்தில் கைவிட்ட மீன்

உயிர் பிழைத்ததில் யோகநாதனுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. பிழைத்து வீடு வந்த பிறகு கேள்விப்பட்ட சங்கதிதான் மனிசனை ஆட்டிவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை பேலியகொடை மீன் சந்தைக்குப் போய், ஒரு அறக்குளாவும் கொஞ்ச நண்டும் வாங்கி, பையை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாலத்தடியில் ஒரு லொறி வந்து அடித்தது. ஆளை அம்புலன்சில் ஏற்றினார்கள். அறக்குளாவை யார் ஏற்றினார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

தலையில் அடி. விலா எலும்புகள் நொறுங்கி, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, இடுப்பெலும்பு வெடித்து, வலது கை மணிக்கட்டோடு முறிந்து, ஆளைப் பார்க்கவே ஏலாது. டொக்டர்மார் வெட்டித் தைத்து முடித்துவிட்டு வெளியே வந்தார்கள். "எங்களால ஏலுமானதைச் செய்திட்டம் அம்மா. இனி உங்கட கடவுளைக் கும்பிடுங்கோ" என்று மனைவி சரோஜினிதேவியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கொட்டாஞ்சேனை ஆட்களைப் பார்த்துக் கடவுளைக் கும்பிடச் சொன்னால் சும்மா இருப்பார்களா? மேல்வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் அக்கா அன்றைக்கே கொச்சிக்கடைக் கோயிலுக்கு ஓடி அந்தோனியார் காலைப் பிடித்தாள். தம்பி யோகநாதன் எழும்பினால் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து மெழுகுதிரி கொளுத்துவார் என்று வாக்குக் கொடுத்தாள். கவனியுங்கள், கொளுத்தப்போவது அவள் இல்லை, தம்பி. லண்டனில் இருக்கும் மகள் உஷாந்தி அங்குள்ள பிள்ளையாருக்கு அப்பாவின் மீசையை நேர்ந்துவிட்டாள். கீழ்வீட்டுப் புடவைக்கடைப் பலீல் நானா மட்டும்தான் தன் கையிலிருந்து கொடுப்பதாக நேர்ந்தவர். யோகநாதன் சுகமாகி வந்தால் ஒரு ஆடு அறுத்து பில்டிங் முழுக்கச் சாப்பாடு கொடுப்பேன் என்றார்.

சரோஜினிதேவி அம்மன் கோயிலுக்குப் போனாள். ஈரச்சேலையோடு நின்று, "தாயே, இந்த மனிசனை எனக்குத் திருப்பித் தா. சாகும்வரைக்கும் இவர் மச்சம் மாமிசம் தொடமாட்டார்" என்று நேர்ந்தாள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் நடக்கும்போது சம்பந்தப்பட்ட ஆள் மூக்கில் குழாயோடு நினைவில்லாமல் கிடந்தார். அவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எந்தச் சாமி கேட்டதோ, யோகநாதன் கண் முழித்தார். கொஞ்சம் கொஞ்சமாய்த் தேறினார். ஆசுபத்திரிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாய் நண்டுக் குழம்பு, முருங்கை இலை போட்டு, என்று மனதுக்குள் அடுப்பு மூட்டினார். ஆசுபத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாள், பலீல் நானாவும் இன்னும் மூன்று பேரும் அவரைக் கதிரையோடு தூக்கி மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். ஏறும்போதே மூக்கை உயர்த்தி மணம் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

சோறு வந்தது. பருப்பு, பூசணிக்காய், வல்லாரைச் சம்பல்.

"நண்டு எங்க?"

சரோஜினிதேவி மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தாள். பிறகு அம்மனுக்கு நேர்ந்ததைச் சொன்னாள்.

"என்ர வாயை நீர் எப்பிடி நேர்வீர்?" யோகநாதன் விலா நோகக் கத்தினார். "வாய் என்ர வாய்!"

"வாய் உங்கடதான். உயிரை ஆர் கேட்டு வாங்கினது?"

யோகநாதன் பூசணிக்காயைப் பிசைந்து சாப்பிட்டார். அதையும் அவரே பிசையவில்லை. வலது கை விரல்கள் மடங்கவில்லை, அவள்தான் ஊட்டிவிட்டாள்.

மற்ற நேர்த்திகளில் அவருக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. மெழுகுதிரி கொளுத்துவதில் என்ன குறைந்துவிடப்போகிறது? மீசை போனால் முளைக்கும். மீன் அப்படியா? யாழ்ப்பாணத்தில் பிறந்து, கடல் தண்ணியையும் மீன் குழம்பையும் பார்த்து வளர்ந்து, கொழும்பு துறைமுகத்தில் கண்டெய்னர் எடுத்துக்கொடுக்கும் கம்பெனியில் காலம் முழுக்க உழைத்த மனிசன், ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு அறக்குளா இல்லாமல் என்னத்துக்கு உயிரோடு இருக்கவேண்டும்?

பலீல் நானாவின் சாப்பாட்டு நாள்தான் உச்சம். ஆட்டிறைச்சிப் புரியாணி வாசம் எல்லா மாடியையும் நிறைத்தது. தாம்பாளத்தைச் சுற்றி ஆறு ஆறு பேராய் இருந்து வெட்டினார்கள். "யோகநாதன் நல்லா இருக்கவேணும்" என்று வாழ்த்திக்கொண்டே எலும்பைச் சூப்பினார்கள். யோகநாதனுக்கு மட்டும் ஒரு சின்ன மூடிச்சட்டி வந்தது.

"ஒங்களுக்கு ஸ்பெஷலா மரக்கறிப் புரியாணி ஆக்கினம்," என்றார் பலீல் நானா. "ஒங்கட மிசிஸ்ட நேர்த்திய நாம முறிக்கப்படாது தானே. சாப்பிடுங்க, சாப்பிடுங்க. கஜு எல்லாம் ஈக்கி."

அவர் பெயரில் அறுத்த ஆடு! யோகநாதன் கஜுவைக் கடித்தபடி ஒரு முடிவுக்கு வந்தார். எழும்பி நடக்கவேண்டும். நடந்துபோய் அந்த அம்மனிடம் நேருக்கு நேர் கதைக்கவேண்டும்.

அதுவரைக்கும் பயிற்சி செய் என்று டொக்டர் சொன்னால் நாளைக்கு என்பார், மகள் ஃபோனில் கெஞ்சினால் தலை சுற்றுது என்பார். இப்போது விடியும் முன்பே கைத்தடியைப் பிடித்துக்கொண்டு கொரிடோரில் டக் டக் என்று நடந்தார். பிறகு ஒரு மாடி இறங்கினார். ஏறும்போது வேர்த்துக் கொட்டி, பாதிப் படியில் குந்தியிருந்து அழுதும் இருக்கிறார். பின்னால் ஒரு படி தள்ளி, விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டியபடியே சரோஜினிதேவி வருவாள். அந்தக் கையைப் பார்த்தாலே அவருக்குக் கோபம் வரும். "நான் என்ன குழந்தையே?" என்பார். அவள் கையை மடக்குவாள். அவர் திரும்பியதும் மறுபடி நீட்டுவாள்.

விரல்களுக்கு வேறு பயிற்சி. கிளினிக்கில் இருந்த சிங்களப் பிசியோ மிஸ், அவர் விரலை இழுத்து மடக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், கெரம் தன்னவத?" என்று கேட்டாள். கரம் போர்ட் விளையாடத் தெரியுமா என்று கேட்கிறாளாம். தினமும் சுண்டினால் விரல் தானே வழிக்கு வருமாம். பலீல் நானா தன் வீட்டில் கட்டிலுக்குக் கீழே கிடந்த போர்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் இருந்து விளையாட ஆள் வேண்டுமே? சரோஜினிதேவிதான் அகப்பட்டாள். "எனக்கு அடுப்படியில வேலை கிடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு எதிரில் வந்து இருந்தாள்.

ஒருநாள் யோகநாதன் தடியோடு கோயில்வரைக்கும் நடந்தே போய்ச் சேர்ந்தார். அம்மனோடு நேரே கதைக்கும் தைரியம் வாசலில் விட்டுப்போய்விட, ஐயரைப் பிடித்தார்.

"நேர்த்தியை மாத்த ஏலாதோ ஐயா?"

ஐயர் சிரித்தார். "அம்மாளுக்கு உங்கட மீன் என்னத்துக்கு? மனசுக்கு விருப்பமானதை விடுறதுதான் கணக்கு. மாத்தலாம். ஆனால் நேர்ந்தவ வந்து, தனக்கு அதேயளவு விருப்பமான ஒண்டைத் தன்ர வாயால விடவேணும். பேந்து நீங்கள் மீன் சாப்பிடலாம்."

யோகநாதனுக்கு அந்த இடத்திலேயே இடுப்பு நோவு பறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மூச்சு வாங்க வாங்க, "சரோ, உமக்கு ஆக விருப்பமானது என்ன? கெதியாச் சொல்லும். அதை விட்டால் சரியாம்" என்றார்.

அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். யோசித்தாள். ஒரு பிடி முறித்து முடிந்தது. இன்னும் யோசித்தாள்.

"எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே."

"பகிடி விடாதையும்."

"சத்தியமா. அண்டைக்குக் கோயில்லை நிண்டு முதல்ல என்ர விருப்பத்தைத்தான் விடுவம் எண்டு நினைச்சனான். எவ்வளவு யோசிச்சும் எனக்கெண்டு ஒண்டும் வரேல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிடேக்கை பாத்துக்கொண்டு நிப்பன், அது மட்டும்தான் வந்துது. அதைத்தான் விட்டனான்."

சாதாரணமாய்ச் சொல்லிவிட்டு அவள் அடுத்த பயற்றங்காயை எடுத்தாள். யோகநாதனுக்கு லொறி அடித்த நோவை விட மோசமாய் இருந்தது. இத்தனை வருசம் ஒரு வீட்டில், ஒரு சட்டிச் சோற்றில் வாழ்ந்துவிட்டு, இவளுக்கு என்ன விருப்பம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நடுத்துண்டு எப்போதும் தன் கோப்பையில்தான் விழுந்தது. அவளுக்கு வால் பக்கம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாய்ப் போய்விட்டது.

ஆனால் யோகநாதன் உட்கார்ந்து அழுகிற சாதி இல்லை. "விருப்பம் இல்லாட்டி என்ன? ஒண்டைக் கண்டுபிடிப்பம்" என்று அறிவித்துவிட்டார். பெண்சாதி மேல் பாசம் பாதி, மீன் மேல் ஆசை பாதி. எந்தப் பாதி பெரிது என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக்கூடாது.

அதிலிருந்து தொடங்கியது ஊர் சுற்றல். வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்துப் போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். பல் கூசுது என்றாள். சேலைக் கடைக்குள் கூட்டிப்போனார். கடைக்காரப் பெடியன் மலை மலையாய் எடுத்துப் போட, "இருக்கிறதையே உடுத்து முடியேல்லை" என்று எழும்பி வந்துவிட்டாள். படத்துக்குக் கூட்டிப்போனார், சண்டைக் காட்சியில் நித்திரையானாள். காலிமுகத்திடலில் காற்று வாங்கப் போனார்கள். அங்கே இறால் வடைத் தள்ளுவண்டிக்கு முன்னால் யோகநாதன்தான் சிலையாய் நின்றார். "அம்மாள் பாத்துக்கொண்டிருக்கிறா" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள் சரோஜினிதேவி.

பெண்சாதியின் விருப்பம் அகப்படவில்லை. ஆனால் பஸ் ஏறி இறங்கி, கடற்கரை மணலில் இழுபட்டு, கால் மட்டும் நன்றாய்த் தேறிவிட்டது. ஒருநாள் தடியை பஸ்ஸிலேயே மறந்து விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். கதவடிக்கு வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் அது விளங்கியது. வாசலில் நின்று சிரித்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் அக்கா மேலேயிருந்து எட்டிப்பார்த்து, "அந்தோனியாரே, இதுகளுக்கு என்ன பிடிச்சுது?" என்றாள்.

இவ்வளவு தேடலுக்கும் நடுவில், வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை மனிசன் கவனிக்கவே இல்லை.

முதல் கிழமை சரோஜினிதேவி ஒற்றைக் கண்ணை அடுப்படியில் வைத்துக்கொண்டுதான் சுண்டினாள். இரண்டாம் கிழமை போர்டில் பவுடர் தூவுவதை அவளே செய்தாள். அதற்குப் பிறகு யோகநாதன் வெல்வது நின்றுவிட்டது. கை சுகமில்லாததால் தோற்கிறேன் என்று அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டார். கொன்ஸ்ரன்ஸ் அக்கா வந்து விளையாடித் தோற்றாள். அவளுக்குக் கை சுகம்தானே? பலீல் நானாவின் மனைவி பீபி வந்தாள், தோற்றாள். பலீல் நானா, "நான் ஸ்கூல் செம்பியன்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மணித்தியாலத்தில், "கடையில வேல ஈக்கி" என்று எழும்பிப் போனார்.

பருப்பு அடிப்பிடித்த அன்றைக்குத்தான் யோகநாதனுக்கு ஓடி வெளித்தது. அறை முழுக்கக் கருகல் மணம். அவருக்கு மணந்தது, கீழ்வீட்டுக்கு மணந்தது, எதிரில் இருந்தவளுக்கு மணக்கவில்லை. நாடியை போர்டின் சட்டத்தில் வைத்து ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு குறி பார்த்தாள். சுண்டினாள். சிவப்புக் காய் ஓரத்தில் பட்டுத் திரும்பிக் குழிக்குள் விழுந்தது.

"அடி சக்கை!" என்று கத்தினாள் சரோஜினிதேவி.

இந்தச் சத்தம் அவளிடம் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. முகம் அப்படியே மினுங்கியது. யோகநாதன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெட்கம் கெட்ட மனது, அறக்குளா நடுத்துண்டைப் பொரித்துக் கோப்பையில் வைத்தது.

"சரோ! கண்டுபிடிச்சிட்டன்! கரம்! உமக்கு ஆக விருப்பமானது கரம்!"

அவள் தன் விரல்களில் ஒட்டியிருந்த பவுடரைப் பார்த்தாள். "ஓம் என்ன?" என்றாள் ஆச்சரியமாய். "விருப்பம்தான். நித்திரையிலையும் இதுதான் வருது." பிறகுதான் அவர் எதற்குச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. காய்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி நடுவில் அடுக்கினாள்.

"வாற ஞாயிறு வெள்ளவத்தையில போட்டி," என்றாள். பெண்களுக்கான கரம் போட்டி, ஒரு மண்டபத்தில். பலீல் நானா யாரிடமோ கேள்விப்பட்டு வந்து சொல்ல, கொன்ஸ்ரன்ஸ் அக்காவும் அவளும் சோடியாய்ப் பெயர் கொடுத்திருந்தார்கள். "பரவாயில்லை. அக்காட்டைச் சொல்லுறன், வேறை ஆளைப் பாக்கட்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவம். நீங்கள் மெலிஞ்சு போட்டியள், மீன் சாப்பிட்டாத்தான் உடம்பு வைக்கும்."

எழும்பிப் போய்ப் பருப்புச் சட்டியைக் கழுவப் போட்டாள். ஒரு முறைப்பாடு இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. கத்தியிருந்தாலாவது யோகநாதனுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

ஆனாலும் மீன் மீன்தானே. சனிக்கிழமை பேலியகொடைக்குப் போகும் பலீல் நானாவிடம் அறக்குளாவுக்குச் சொல்லி வைத்தார். நடுத்துண்டு என்று அழுத்திச் சொன்னார். வெள்ளிக்கிழமை குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, மாப்பிள்ளை மாதிரித்தான் கோயிலுக்குப் புறப்பட்டார்.

கோயிலில் சனம். ஐயர் தீபம் காட்டிவிட்டு வந்து, "சரி அம்மா, மனசில நினைச்சு, வாயால சொல்லுங்கோ" என்றார். சரோஜினிதேவி முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடினாள்.

யோகநாதன் பக்கத்தில் நின்றார். அவர் பார்வை அம்மனில் இல்லை, கம்பியில் இருந்தது. கம்பி மேல் கிடந்த அவள் வலது கை தன்பாட்டில் சுண்டிக்கொண்டிருந்தது. பெருவிரலில் நடுவிரலை மடக்கி வைத்து, மெல்ல ஒரு சுண்டு. நிதானித்து, குறி பார்த்து, மறுபடி ஒரு சுண்டு. கை அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது.

"அம்மாளே, இண்டையிலிருந்து நான்..."

"நில்லும்!" என்றார் யோகநாதன்.

பெரிதாய்த்தான் சொல்லிவிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டார். சனம் திரும்பிப் பார்த்தது.

"அம்மாளே," என்று யோகநாதன் தொடங்கினார். செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "அண்டைக்கு இவ நேர்ந்தா. நான் கட்டை மாதிரிக் கிடந்தன். அதில எனக்கு ஒரு பங்கும் இல்லை. அதாலதான் இவ்வளவு நாளும் உன்னோட கோபம். இண்டைக்கு நான் ரெண்டு காலில நிக்கிறன், புத்தியோட நிக்கிறன். என்ர வாயால நானே சொல்லுறன், எனக்கு மீன் வேண்டாம். இறாலும் வேண்டாம், நண்டும் வேண்டாம். இவவின்ர விளையாட்டை மட்டும் நீ கேக்கக்கூடாது. அது இவவுக்கு இப்பத்தான் கிடைச்சது."

ஐயர் தீபத் தட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"உங்களுக்கு என்ன விசரோ?" சரோஜினிதேவி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "பலீல் நானாட்டை மீனுக்குச் சொல்லிப் போட்டெல்லோ வந்தனீங்கள்?"

"அவர் சாப்பிடட்டும். நல்ல மனிசன்."

"நடுத்துண்டு!"

"ஓம், நடுத்துண்டு," என்றார் யோகநாதன். குரல் கொஞ்சம் உடைந்தது. மீனுக்காகவும்தான்.

அவள் அழத் தொடங்கினாள். அழுகைக்குள்ளேயே சிரிப்பும் வந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால் அவர் கையைப் பிடித்ததே வாழ்க்கையில் முதல் தடவை, பிடித்த பிடியை விடவும் இல்லை. முறிந்து பொருந்திய மணிக்கட்டு நொந்தது. யோகநாதன் நோகுது என்று சொல்லவில்லை.

வெளியே வந்து செருப்பைப் போட்டதும் அவளுக்குப் போட்டி ஞாபகம் வந்தது. "ஐயோ, கொன்ஸ்ரன்ஸ் அக்காட்டை வர ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்! வேறை ஆளைப் பிடிச்சிட்டாவோ தெரியாது. கெதியா வாங்கோ!" என்றாள். சொன்னவள் அவருக்காக நிற்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டோக்களுக்கும் பூக்கடைகளுக்கும் இடையில் புகுந்து விறுவிறு என்று நடந்தாள்.

"கொஞ்சம் மெல்லப் போம்!" என்று யோகநாதன் பின்னால் கத்தினார்.

அவளுக்குக் கேட்கவில்லை. வீடு வரைக்கும் அவர் இருபது அடி பின்னால் தனியாக, ஒரு பிடிப்பும் இல்லாமல் நடந்து வந்தார். விழுந்துவிடுவாரோ என்று அவள் ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. யோகநாதனுக்கு அது நல்லாய்ப் பிடித்திருந்தது.